பூசை இல்லாத சாமிகள்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ நகரத் தமிழரிடம் இந்த ஊர்ச் சாமி யார் என்று கேட்டால் சாந்தா ரொசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதையைச் சொல்வார்கள். 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்று நம்பிக்கை. பெல்லெக்ரீனோ மலையில் குகைக்கோயில்; ஞாயிறுகளில் எங்கள் சைவச் சனமும் நேர்த்தி வைத்து ஏறும். குகைக் கூரையில் கசியும் தண்ணீரைத் தகரப் பீலிகள் வாங்கி ஓட்டிவிடும். கீழே அவள் பொன்னாடையோடு சாய்ந்து படுத்திருப்பாள். மெழுகுதிரி, பூ, கூட்டம், அழுகை எல்லாம் உண்டு. வந்த புதிதில் எனக்கும் அது போதுமாயிருந்தது.

மற்றச் சாமிகளை, இந்தத் தீவின் பழைய கிரேக்கத் தெய்வங்களை, வேலைக்குப் போன வீட்டில்தான் அறிந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலை. முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை. எனக்கு இத்தாலியன் ஒழுங்காக வரவேண்டும் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை சொல்லத் தொடங்கினார். சிஞ்ஞோரா (இத்தாலியனில் 'அம்மா'; அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) புராணமாகச் சொல்லமாட்டார். பக்கத்து ஊரில் நடந்த கலியாணச் சண்டையாகத்தான் சொல்வார்.

முதல் கதை பெர்செபனி. எனா என்ற மலையூருக்குக் கீழே பெர்குசா ஏரி. அதன் கரையில் பூப்பறித்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பாதாளத்து அரசன் ஹேடிஸ் தேரில் வந்து தூக்கிக்கொண்டு போனான். (வேறு இடங்களைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் ரோமக் கவி ஓவிட் இந்த ஏரியைப் பேர் சொல்லியே எழுதியிருக்கிறார். சிசிலிக்காரருக்கு அந்தச் சாட்சி போதும்.) தாய் டிமீட்டர், பயிர்களின் தெய்வம், எட்னா எரிமலையில் தீவட்டி கொளுத்திக்கொண்டு இரவு பகலாய்த் தேடினாள். பெண்ணின் தகப்பன், தெய்வங்களின் அரசன் சேயுஸ், இந்தக் கலியாணத்துக்கு முதலே தலையாட்டியிருந்தான் என்பதுதான் சிஞ்ஞோராவுக்கு ஆறாத கோபம். "தாயிடம் ஒரு வார்த்தை கேட்டானா?" என்று என்னை மறித்துக் கேட்பார். கடைசியில் பயிர் பட்டு, மனிதர் பட்டினி கிடந்து, சேயுஸ் இறங்கிவந்தான். ஆனால் பெண் அங்கே மாதுளம் முத்துச் சாப்பிட்டுவிட்டாள். பாதாளத்தில் வாய் நனைத்தவர் முழுதாய்த் திரும்ப முடியாது. ஓவிட் கணக்கில் ஏழு முத்து. தீர்ப்பு: ஆறு மாதம் தாயோடு, ஆறு மாதம் புருஷனோடு.

எந்த ஆறு மாதம் என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்கு முடியவில்லை. குளிர்காலத்தில் மகள் கீழே, அதனால் நிலம் வெறுமை என்பது புத்தகத்தில் உள்ளது. சிஞ்ஞோராவும் அந்தக் கட்சி. ஆனால் கத்தானியாவுக்குப் போகும் பஸ்ஸில் எனாப் பக்கத்து வயல்களை நான் பார்த்திருக்கிறேன். மழை தொடங்க விதைக்கிற கோதுமை ஜனவரியில் பச்சையாய் நிற்கும். ஓகஸ்டில்தான் மலையெல்லாம் கருகிக் கிடக்கும். வன்னியிலும் மாரியில்தான் பயிர். கோடையில் தரை வெடித்துப் போகும். அப்போ அவள் கீழே போவது கோடையில்தானே? ஆய்வாளர் சிலரும் இதையே சொல்லியிருப்பதாக மகள் தேடிக் காட்டினாள். சிஞ்ஞோரா கையை உதறிவிட்டுக் கோப்பி கேட்டார்.

பெர்குசாவைப் போய்ப் பார்த்தோம். ஏரியைச் சுற்றி இப்போது கார்ப் பந்தயப் பாதை, கிட்டத்தட்ட 5 கிலோமீற்றர். 1960களில் ஃபார்முலா 1 கார்களும் இங்கே ஓடியிருக்கின்றன. ஹேடிஸின் தேர் போன இடத்தில் வேறு எதைக் கட்டுவது, சரிதான். ஆனால் ஒரு விளக்கு இல்லை. எங்கள் ஊரில் மரத்தடிச் சூலத்துக்கே வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க ஆள் இருக்கும். இவ்வளவு நடந்த இடத்தில் கும்பிட ஒருவரும் இல்லாதது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்காக இவர்கள் பழைய சாமிகளைக் கைவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. சிசிலிக் கொடியின் நடுவில் பாம்புக்கூந்தல் அரக்கி மெடூசாவின் தலை, சுற்றி மூன்று கால்கள். அதையே மண்ணில் சுட்டு வர்ணம் பூசி வாசலில் மாட்டுகிறார்கள். கண்ணூறு கழிக்க நாங்கள் கட்டும் வெருளிக்கு உள்ள அதே வேலை. மகளின் பள்ளியில் பதினொரு வயதிலேயே கிரேக்கக் காவிய வீரன் ஒதிஸ்ஸியஸும் ஒற்றைக்கண் அரக்கனும் பாடம். சமயப் பாடத்தில் அல்ல, இலக்கியத்தில்.

சிரக்கூசா நகரின் பேராலயத்தில் இது கண்ணெதிரே நிற்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தேவி அதீனாவுக்குக் கட்டிய கோயில் அது. தூண்களை இடிக்காமல், இடைவெளிகளைக் கல்லால் அடைத்து, 7ஆம் நூற்றாண்டில் மாதாவுக்கான ஆலயமாக்கிவிட்டார்கள். சுவருக்குள் பாதி புதைந்த தூண்களில் நீளத்துக்கு ஓடும் குடைவுகளைக் கையால் தடவிப் பார்க்கலாம். நான் தடவிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று கண்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாதாவுக்கா அதீனாவுக்கா என்று கேட்டால், யார் வீட்டில் இருந்தாரோ அவருக்கு.

எனாவுக்குத் தெற்கே அய்தோனே என்ற சிறிய ஊரின் அருங்காட்சியகத்தில் ஒரு தேவி சிலை உண்டு. இரண்டு மீற்றருக்கு மேல் உயரம்; உடல் சுண்ணாம்புக்கல், முகமும் கையும் பளிங்கு. பழைய மொர்கந்தீனா நகரிலிருந்து களவாய்த் தோண்டப்பட்டு, 1988இல் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்துக்கு 1.8 கோடி டொலருக்குப் போய், 2011இல் திரும்பி வந்தவள். முதலில் காதல் தேவி அப்ரோடைற்றி என்றார்கள். பிறகு டிமீட்டர், இல்லை பெர்செபனி என்று அறிஞர்களிடையே வாதம். நான் படம் பிடித்துவந்து காட்டினேன். சிஞ்ஞோரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "தாய்தான். இந்த இடுப்பைப் பார், பிள்ளை பெற்ற இடுப்பு" என்றார். அந்த அறிஞர்கள் எவருக்கும் பெண்சாதி இல்லையா என்றும் கேட்டார்.