டெர்மினல் வழியே பெரியப்பாவின் குரலைப் பதிந்த அனுபவம்

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் பெரியப்பா, இளங்கலைத் தமிழ் படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவருக்குப் பாடங்களை வாசித்துப் பதிந்து தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, பதியும் வேலையை என் தலையில் கட்டினார். என்னிடம் இருந்தது 2 ஜிபி நினைவகம் கொண்ட, டெபியன் லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட ஒரு பழைய மடிக்கணினி. சாளரங்களும் அலைக்கோடுகளும் கொண்ட ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்த மாத்திரத்தில் அதன் உள்விசிறி இரையத் தொடங்கிவிடும். ஆகவே கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலைவாங்கும் டெர்மினலிலேயே பதிவது என்று முடிவு செய்து, ஒரு யுஎஸ்பி மைக்கை மட்டும் புதிதாக வாங்கினேன்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் ஒலி அட்டைகளைக் கையாளும் பகுதிக்கு ஆல்சா என்று பெயர். அதனுடன் வரும் ஏரெக்கார்ட் என்ற சிறு கருவியே பதிவுக்குப் போதும் என்று படித்திருந்ததால், முதல் நாள் அந்தக் கட்டளையையும் ஒரு கோப்புப் பெயரையும் மட்டும் தட்டிவிட்டுப் பெரியப்பாவை வாசிக்கச் சொன்னேன். இரண்டு பக்கங்கள் முடிந்ததும் கன்ட்ரோல், சி விசைகளை அழுத்தி நிறுத்திக் கேட்டுப் பார்த்தால், அந்தக் காலத்து டிரங்க் கால் போல ஒலித்தது. சங்கம், செய்யுள், சொல் என்று சகரத்தில் தொடங்கும் சொற்கள் எல்லாம் மழுங்கியிருந்தன. "பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்ததுபோல இருக்கிறதடா" என்றார் பெரியப்பா.

காரணம் திரையிலேயே எழுதப்பட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. எந்த விருப்பமும் கொடுக்காவிட்டால் ஏரெக்கார்ட் 8 பிட், விநாடிக்கு 8000 மாதிரிகள், ஒரே தடம் என்ற அளவில்தான் பதியும். மாதிரி என்பது ஒலியை ஒரு முறை அளந்தெடுப்பது; பிட் எண்ணிக்கை அந்த அளவின் துல்லியம். பதிவு தொடங்கும்போது முதல் வரியில் அதைச் சொல்லியும்விடும். மாதிரி வீதத்தில் பாதி அளவு அதிர்வெண் வரைதான் பதிவில் நிற்கும் என்பதால், 8000 என்றால் 4000 ஹெர்ட்சுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். சகரத்தின் சீறலோ பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, மைக்கை விரலால் தட்டிப் பார்த்தபோது பதிவில் அந்தத் தட்டல் விழவே இல்லை. நான் காசு கொடுத்து வாங்கிய மைக் சும்மா இருக்க, மடிக்கணினியின் உள்மைக்கிலிருந்துதான் எல்லாம் பதிவாகியிருந்தது.

ஏரெக்கார்டுக்குச் சிறிய எல் விருப்பத்தைக் கொடுத்தால் பதிவுக்கு உதவும் அட்டைகளைப் பட்டியலிடும். என் கணினியில் 0 என்பது உள்ளிருக்கும் அட்டை, 1 என்பது யுஎஸ்பி மைக். மறுநாள் சாதனத்தின் பெயரை 'பிளக்எச்டபிள்யூ:1,0' என்று கொடுத்து, தரம் உயரட்டும் என்று 24 பிட், 96000 ஹெர்ட்ஸ் எனத் தாராளமாகக் கேட்டேன். கட்டளை மறுபேச்சில்லாமல் ஓடியது. கோப்பின் தலைப்புத் தகவலிலும் அதே எண்கள் இருந்தன. குரலும் முந்தைய நாளைவிடப் பல மடங்கு தெளிவாக இருந்ததால் வேலை முடிந்தது என்றே எண்ணி, மூன்று பாடங்களை அப்படியே பதிந்தும்விட்டேன்.

கோப்பின் அளவைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. மைக்கால் உண்மையில் என்ன தர முடியும் என்பதை நேரடியாகக் கேட்க, 'டம்ப் எச்டபிள்யூ பாரம்ஸ்' என்ற விருப்பம் ஏரெக்கார்டில் இருக்கிறது. அதைக் கொடுத்ததும் வந்த பட்டியலில் 16 பிட் மட்டுமே இருந்தது. மாதிரி வீதமும் 48000 வரைதான். பிளக்எச்டபிள்யூ என்பது இடையில் நிற்கும் ஒரு மாற்றி. நாம் கேட்கும் அளவு வன்பொருளிடம் இல்லையென்றால், இருப்பதை வாங்கி நாம் கேட்ட வடிவத்தில் நிரப்பிக் கொடுத்துவிடும். அதாவது ஒரு படி பாலில் தண்ணீர் ஊற்றி இரண்டு படியாக்கி எனக்கு அளந்து கொடுத்திருக்கிறது. பெயரின் முன்பாதியை நீக்கிவிட்டு 'எச்டபிள்யூ:1,0' என்று கொடுத்தால் இந்த இடைத்தரகு இல்லை. அந்த மாதிரி வடிவம் கிடையாது என்று சொல்லி, கிடைக்கும் வடிவங்களைப் பட்டியலிட்டுவிட்டுக் கட்டளை நின்றுவிடுகிறது. அப்படி முகத்துக்கு நேராக மறுக்கும் கட்டளையே எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து 16 பிட்டைக் குறிக்கும் எஸ்16_எல்ஈ வடிவம், 48000 ஹெர்ட்ஸ், ஒரு தடம் என்பதையே பயன்படுத்துகிறேன். அட்டை எண்கள் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கும்போது இடம் மாறக்கூடும் என்பதால், எண்ணுக்குப் பதிலாக அட்டையின் பெயரைக் கொடுப்பது பாதுகாப்பு. சாதனம் வேறு வேலையில் இருக்கிறது என்ற பிழை வந்தால், பெரும்பாலும் உலாவியின் ஏதோ ஒரு தாவல்தான் மைக்கைப் பிடித்துவைத்திருக்கும். அதை மூடினால் சரியாகிவிடும்.

அடுத்து வந்த சிக்கலுக்கு எண்களில் விடை இல்லை. பெரியப்பா ஒரு செய்யுளை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், அறையின் இரைச்சல் மெல்ல மெல்ல மேலெழும்பி வந்து, அவர் அடுத்த அடியைத் தொடங்கியதும் சட்டென்று அடங்கியது. கடலோரம் உட்கார்ந்து பாடம் கேட்பது போல இருந்தது. ஒலி அட்டைகளின் அளவுகளைச் சரிசெய்யும் ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 விசையால் யுஎஸ்பி அட்டையைத் தேர்ந்து, எஃப்4 விசையால் பதிவுப் பக்கத்துக்குப் போனபோது, 'ஆட்டோ கெயின் கன்ட்ரோல்' என்ற வரிசை இயக்கத்தில் இருப்பது தெரிந்தது. குரல் தாழ்ந்தால் மைக் தானாகவே உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது. இணையவழிக் கூட்டத்துக்கு உதவலாம், வாசிப்புக்கு ஆகாது. அதை அணைத்து, அந்த அமைப்பு நிலைக்க ஆல்சாசிடிஎல் கட்டளையால் சேமித்துவைத்தேன்.

தானியங்கியை அணைத்த பிறகு ஒலியளவை நாமே வைக்க வேண்டும். பெரிய வி விருப்பத்துடன் மோனோ என்று கொடுத்தால், பதிவு ஓடும்போது # குறிகள் வரிசையாக நீண்டு சுருங்கி அளவைக் காட்டும். பெரியப்பா மிக உரக்கப் படிக்கும் பகுதியை, போர்க்களக் காட்சி ஒன்றை, 30 விநாடி வாசிக்கச் சொல்லிப் பதிந்து, சாக்ஸ் என்ற கருவியின் ஸ்டாட்ஸ் கட்டளையில் உச்ச அளவைப் பார்த்தேன். பதிவில் 0 டெசிபெல் என்பதே உச்ச வரம்பு, மற்றவை எல்லாம் அதற்குக் கீழே மைனஸில்தான். அது மைனஸ் 10 டெசிபெல்லுக்கு அருகில் நிற்கும்வரை அளவைக் குறைத்தேன். 0 டெசிபெல்லைத் தொட்டு அலையின் தலை வெட்டுப்பட்டால் பிறகு எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. தாழ்ந்து பதிந்ததை எப்போது வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளலாம். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் வீதம் 16 பிட்டுக்கு, பதியக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது. எங்கள் அறையின் சொந்த இரைச்சலே மைனஸ் 58 டெசிபெல்லுக்கு இறங்கவில்லை என்னும்போது, 24 பிட் மைக் வாங்கியிருந்தாலும் அந்த இரைச்சலைத்தான் கூடுதல் துல்லியமாகப் பதிந்திருப்பேன்.

ஆகவே எஞ்சிய நாட்கள் முழுவதும் அறையோடுதான் போராட்டம். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தினால் பெரியப்பா பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கமாட்டார். ஓடவிட்டால் இரைச்சல் மைனஸ் 41க்கு ஏறியது. சாக்ஸின் இரைச்சல் நீக்கியை முயன்றேன். குரல் இல்லாத சில விநாடிகளிலிருந்து இரைச்சலின் சாயலை எடுத்து, முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழிக்கும் வித்தை அது. இரைச்சல் போயிற்று, ஆனால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் ஆகி, ழகரமும் ளகரமும் ஒன்றோடொன்று குழம்பின. தமிழ்ப் பாடத்துக்கு அது அடுக்காது என்பதால் கைவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு, மின்விசிறி இல்லாமல், கட்டில் மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்திவைத்து, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்திப் பதிந்ததே கடைசியில் பலித்தது. அடித்தளத்தில் கேட்ட மெல்லிய ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் வேலை. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. 80 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி ஒன்றை மட்டும் பிறகு சேர்த்தேன்.

ஒரு முறை, வந்த ஒலியை உடனுக்குடன் எழுதி முடிக்க முடியவில்லை என்று பொருள்படும் 'ஓவர்ரன்' என்ற எச்சரிக்கை வந்து, பதிவின் நடுவே அசைகள் விழுந்துபோயின. கோப்பை நேராகப் பென்டிரைவில் எழுதியதுதான் காரணம்; உள்வட்டுக்கு மாற்றியபின் அது வரவில்லை.

இந்த அளவில் ஒரு மணி நேர வேவ் கோப்பு ஏறத்தாழ 346 எம்பி ஆகிறது. அதை இழப்பில்லாத ஃபிளாக்காக மாற்றி மூலப்படியாக வைத்துக்கொண்டு, மாணவருக்கு 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி அனுப்புகிறேன்; 29 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. பக்கம் புரளும் சத்தத்தை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் அந்த மாணவரே அழைத்து, "அண்ணா, அதை வெட்டாதீர்கள், எத்தனையாவது பக்கம் என்று அதை வைத்துத்தான் எண்ணிக்கொள்கிறேன்" என்றார். இப்போது அந்த வேலையும் மிச்சம்.