பழைய கொரோலாவில் செக் எஞ்சின் விளக்கு: குறியீடு 22

எங்கள் வீட்டில் இருப்பது டொயோட்டா கொரோலா 110. ஜப்பானில் ஓடி, இலங்கையில் இறங்கி, பல கைகள் மாறி மட்டக்களப்பின் கல்லடிக்கு வந்து சேர்ந்த, 1.5 லீற்றர் 5ஏ-எஃப்ஈ எஞ்சின் பூட்டிய கார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதால், இந்த வயதுக் கார்களைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்கும் யோசனையே இங்கு பலருக்கு எழவில்லை. அப்படிக் காப்பாற்றி ஓட்டிவந்த காரின் மீற்றர்ப் பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. அதன் காரணத்தைத் தேடிய விதம், இதே வகைக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும்.

ஒயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். அதில் விவாதத்துக்கு இடமில்லை. மஞ்சள் விளக்கு அத்தகையதல்ல. எஞ்சின் கணினிக்கு ஏதோவொரு மின்சுற்றிலிருந்து வரும் சமிக்ஞை நம்பத்தக்கதாக இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். மின்சுற்று என்பதில் சென்சர் மட்டுமன்றி வயரும் செருகியும் அடங்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கு விளக்கைவிட அதற்கு முந்திய நிலைமையே புதிராக இருந்தது. விளக்கு எரிவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே கார் வழக்கத்தைவிட அதிகமாகப் பெற்றோல் குடித்தது. புகைக் குழாயருகே நின்றால் பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையோடு எரிபொருள் நிலையத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது கண்ணில் படாமல் போகாது. ஆனால் விளக்கு எரியத் தொடங்கிய பின்னர் அந்த மணம் குறைந்துவிட்டது. பதிலாக, காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்குவது சற்றுச் சிரமமாயிற்று. எச்சரிக்கை வந்த பிறகு நோய் தணிந்தது போன்ற இந்த விசித்திரத்துக்கு விடை பின்னால் கிடைத்தது. கராஜ் ஒன்றில், மணத்தைப் பற்றிச் சொன்னவுடனேயே, புகையில் மிஞ்சும் ஒக்சிசனை அளக்கும் ஒக்சிசன் சென்சரை மாற்றச் சொன்னார்கள். எஞ்சின் கணினி பதிந்து வைத்திருக்கும் குறைபாட்டுக் குறியீட்டை வாசிக்காமல் சொல்லப்பட்ட அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

இந்தக் காலத்து டொயோட்டாக்களில் குறியீட்டை வாசிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. போனட்டுக்குள் ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய சிறிய கறுப்புப் பெட்டி இருக்கும்; அதன் மூடியின் உட்புறத்தில் முனைகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். சாவி அணைந்திருக்கும்போது டீஈ1 (TE1), ஈ1 (E1) ஆகிய இரு முனைகளையும் துண்டு வயர் ஒன்றால் இணைத்துவிட்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை ‘ஒன்’ நிலைக்குத் திருப்பினால் மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கும். குறைபாடு இல்லையெனில் சீராகவும் வேகமாகவும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். என் காரில் இரண்டு முறை சிமிட்டி, சுமார் ஒன்றரை வினாடி நின்று, மீண்டும் இரண்டு முறை சிமிட்டியது: 22. ஒக்சிசன் சென்சருக்குரியது 21, திறொட்டில் நிலைச் சென்சருக்குரியது 41. 22 என்பது கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலைச் சென்சரின் சுற்று. வேறு முனைகளைத் தவறுதலாக இணைத்தால் பியூஸ் போகவோ கணினி கெடவோ கூடும் என்பதால், மூடியின் எழுத்துகளைக் கண்ணாடி போட்டு வாசித்த பிறகே கை வைப்பது நல்லது.

அடுத்துக் குழப்பம் தரக்கூடியது, இந்த எஞ்சினில் கூலன்ட் வெப்பத்தை உணரும் உறுப்புகள் மூன்று இருப்பதுதான். மீற்றர் முள்ளுக்கு ஒற்றை வயருடன் ஒன்று, றேடியேற்றர் காற்றாடிக்கு ஒரு சுவிட்ச், கணினிக்கு இரட்டை வயருடன் ஒன்று. முள் நடுவில் அசையாமல் நிற்கிறது, ஆகவே வெப்பச் சென்சரில் குறையில்லை என்று வாதிடுபவர் முதலாவதைப் பார்த்து மூன்றாவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்.

கணினிக்கான சென்சரின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். 20 பாகை செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையும் இருக்க வேண்டும். செருகியைக் கழற்றிச் சென்சரின் இரு ஊசிகளிலும் மல்டிமீற்றரை வைத்தபோது, விடியற்காலைக் குளிர்ந்த எஞ்சினில் 2,000 ஓமுக்குச் சற்றுக் குறைவாகவும், ஓடி வந்த சூட்டில் 300 ஓம் அளவிலும் காட்டியது. சென்சர் நல்லது. அயலில் வயரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அருகில் நின்று பார்த்துவிட்டு, “சென்சர விடுங்க தம்பி, அந்தச் செருகிக்குள்ள என்ன இருக்கெண்டு பாருங்க” என்றார்.

செருகியை மீண்டும் பூட்டி, சூடான எஞ்சினில், அதன் பின்புற வயர்த் துளைகளில் மல்டிமீற்றரின் முனைகளை நுழைத்து வோல்ற் அளந்தோம். ஒரு வோல்றுக்குக் கீழே நிற்க வேண்டிய அளவு 3க்கு மேல் நின்றது. வயரை விரலால் இலேசாக அசைத்தபோது 5க்குத் தாவியது. செருகியைத் திருப்பி விளக்கொளியில் பார்த்தால், இரு துளைகளுள் ஒன்றின் செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு பூத்து, பொடியாக உதிர்ந்தது.

புதிர் அங்கேயே அவிழ்ந்தது. களிம்பு ஏறும்போது சுற்றில் தடை கூடுகிறது. தடை கூடுதல் என்றால் எஞ்சின் குளிராக இருக்கிறது என்றே கணினி புரிந்துகொள்ளும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். அது பொய்யான தகவல் என்றாலும் நம்பக்கூடிய எல்லைக்குள் இருப்பதால் விளக்கை எரிக்காது. தொடர்பு முற்றாக அறுந்த பிறகுதான் கணினி விளக்கை ஏற்றி, அந்தச் சென்சரைக் கைவிட்டு, கூலன்ட் 80 பாகையில் இருக்கிறது என்று தானே ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. சூடான எஞ்சினுக்கு அது பொருந்தும், மணம் குறையும். காலைக் குளிருக்குப் பொருந்தாது, இயக்கச் சிரமப்படும்.

ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாகக் கிடக்கும் எழுவான்கரையில், வாடைக்காற்றுக் காலத்தில் யன்னல் கம்பிகூட உப்பில் அரிக்கும்போது செருகிக்குள் இருக்கும் செம்புக்கு விதிவிலக்கு இல்லை. மாரி வெள்ளத்தில் ஓடிய பின்னர் சேர்விஸ் நிலையத்தில் எஞ்சின் பகுதிக்கு அழுத்த நீர் பீய்ச்சிக் கழுவும் வழக்கமும் இதற்குத் துணைபோகிறது என்பது என் கருத்து.

களிம்பைச் சுரண்டிப் பூட்டினால் சில காலம் ஓடும், மீண்டும் வரும். ஆகவே கல்முனையில் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் அதே செருகியை ஒரு சாண் வயருடன் வெட்டி வாங்கி, ஒரு வயருக்கு மேலே ஒன்று, மற்றதற்குக் கீழே ஒன்று என இணைப்புகள் எதிரெதிரே வராதபடி ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினோம். ஊசிகளில் மின் இணைப்புக்கான சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகப் பூசப்பட்டது. பின்னர் பெற்றோல் பீய்ச்சும் தொகுதிக்கான 15 அம்பியர் ஈஎஃப்ஐ (EFI) பியூஸைக் கழற்றி, பத்து வினாடிக்கு மேல் வைத்திருந்து மீண்டும் போட்டவுடன் நினைவில் இருந்த குறியீடு அழிந்தது. டயக்னோசிஸ் பெட்டியில் மறுபடி வாசித்தபோது விளக்கு சீராகச் சிமிட்டியது. அக்கரைப்பற்று வரை போய்த் திரும்பியும் அது எரியவில்லை.

கையோடு மற்ற இரண்டு செருகிகளையும் கழற்றிப் பார்த்தோம். முள்ளுக்கான ஒற்றை வயர் சுத்தம். காற்றாடிச் சுவிட்சின் செருகியில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது, அதன் கொளுக்கியும் உடைந்திருந்தது. அந்தச் சுற்று அறுந்தால் சாவி போட்டவுடன் காற்றாடி நிற்காமல் சுழலுமே தவிர எஞ்சின் கொதிக்காது, ஆகவே அவசரமில்லை. இப்போதைக்குத் துடைத்து, கிறீஸ் பூசி, பிளாஸ்ரிக் பட்டியால் இறுக்கியிருக்கிறது; அதே அளவுச் செருகி கிடைத்ததும் அதையும் மாற்ற வேண்டும்.