குருமடம் சேருமுன் எழுதிய ஆறு மாத நோட்டு

கத்தோலிக்கச் சாமியாராக, அதற்குப் பயிற்சி தரும் குருமடத்தில் சேரப் போகிறேன் என்று நான் முதன்முதலில் சொன்னது, ஆபீசில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போன அன்று. சாயங்காலம் நேராக பெங்களூரு சிவாஜிநகர் மரியன்னை பேராலயம் போய், சேலை கட்டிய மாதாவின் முன்னால் அழுதுவிட்டு, எங்கள் பங்குச் சாமியிடம் வந்து, ஆண்டவர் என்னை அழைக்கிறார் என்று சொன்னேன்.

"அழைப்பு எப்ப வந்துச்சு தம்பி? மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். மனம் சோர்ந்து இருண்டிருக்கும்போது புதுத் தீர்மானம் எடுக்காதே என்பது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் விதி என்று பிறகுதான் படித்தேன். 1521இல் பம்பலோனாவில் காலில் குண்டடிபட்டுப் படுத்திருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். வீர சாகசக் கனவுகள் காணும்போது இனித்தன, பிறகு வறண்டன. புனிதர்களைப்போல் வாழ நினைத்தபோது வந்த மகிழ்ச்சி மட்டும் தங்கியது.

நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இரவில் மூன்று வரி: இன்று எதற்கு நன்றி, எங்கே மனசு சுருங்கியது, நேற்றைய சந்தோஷம் இன்று காலையிலும் இருந்ததா. மூன்றாவது வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திருவுடை போட்டுப் பிரசங்க மேடையில் நிற்பதாகக் கற்பனை செய்த இரவுகளுக்கு மறுநாள் காலையில் 'இல்லை' என்றே எழுதியிருக்கிறேன். ஆனால் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையோடு வீடு சந்திக்கப் போன ஒரு ஞாயிறு, பக்கவாதத்தில் கிடந்த பாட்டிக்கு நகம் வெட்டிவிட்டேன். மடங்கிப்போன விரல்கள், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடித்துத்தான் வெட்டமுடிந்தது. அதைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். புதன்கிழமை வரை 'இருந்தது' என்றே வருகிறது.

ஒரு தியானக் கூட்டத்தின் கடைசி இரவில் விளக்கை அணைத்து, பாட்டுப் போட்டு, 'அழைப்பை உணர்கிறவர்கள் கை தூக்குங்கள்' என்றார்கள். தூக்கினேன். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். யாரையும் வற்புறுத்திக் குருவாக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே தடுக்கிறது; பாட்டுப் போட்டு நெருக்குவதும் என் பார்வையில் வற்புறுத்தல்தான்.

இனி நடைமுறை. மறைமாவட்டக் குருவா (ஓர் ஆயரின் கீழ், அவருடைய பகுதியில் பணி), துறவற சபையா (சபையாரோடு கூடி வாழ்வது) என்பதை உங்களுக்கு வழிகாட்டும் ஆன்ம குருவோடு பேசிப் பாருங்கள்; ஏழ்மையாக வாழ்வேன் என்ற வார்த்தைப்பாடு சபைகளில்தான். மெய்யியல் குறைந்தது 2 ஆண்டு, இறையியல் 4. தொடக்கப் பயிற்சி, பங்குப் பணி எல்லாம் சேர்த்தால் இன்னும் நீளும். 25 வயதுக்கு முன் பொதுவாகக் குருப்பட்டம் கிடையாது, அதனால் வேலைக்குப் போய்விட்டு வருவது தாமதமே இல்லை. ஞானஸ்நானம், உறுதிபூசுதல் சான்றிதழ்களை இப்போதே பங்கில் வாங்கி வையுங்கள். பெங்களூரு மறைமாவட்டம் என்றால் கன்னடம் வாசிக்கவும் பழகுங்கள். (மல்லேஸ்வரம் புனித பேதுரு குருமடமே 1934இல் பாண்டிச்சேரியிலிருந்து வந்ததுதான், எங்கள் தாத்தாவைப்போல.)

வீட்டில் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. "கல்யாணம் வேணாம்னா வேணாம்னு சொல்லு, ஏன்டா ஆண்டவரை இழுக்குற?" என்றாள் அம்மா. பதில் சொல்லத் தெரியாமல் நோட்டைக் கையில் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே புரட்டினாள். அந்த ஒன்றரைப் பக்கத்தில் நின்றாள்.

"அந்தப் பாட்டி இப்ப எப்படிடா இருக்கு?"