டெஸ்டர் எரியாவிட்டால்

பிரசங்கப் பயிற்சி வகுப்பில் எபிரெயர் 11:1 ('விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது') வந்தாலே கூடவே மின்சாரமும் வந்துவிடும். கரண்டைக் கண்ணால் பார்க்க முடியுமா, ஆனாலும் நம்பித்தானே சுவிட்சைப் போடுகிறோம், கடவுளும் அப்படித்தான் என்று ஒரு பத்தி. கரண்ட் இல்லையென்றால் காற்று, காற்றும் இல்லையென்றால் செல்போன் அலை. அந்தப் பத்தியை அடித்துவிடுவது என் வழக்கம். அன்றும் அடித்தேன். எழுதியவர் மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அண்ணாச்சி, டெஸ்டர வச்சா எரியுதுல்லா? அப்போ அது காணாத சங்கதி இல்லையே."

"எரியலன்னா கைய வச்சிருவமாய்யா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்தவர் தாளை எடுத்துவிட்டேன்.

அடித்ததில் தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது, காற்றை அளக்கவும் கருவி இருக்கிறது. இந்த வரிசையில் கடவுளைச் சேர்த்தால், இன்னும் கருவி கண்டுபிடிக்காத ஒரு பொருளாக அவரை ஆக்கிவிடுகிறோம். கேட்பவருக்கு அடுத்து என்ன தோன்றும்? கருவி எங்கே என்றுதான். போதாததற்கு, அந்த அதிகாரத்தில் 'காணப்படாதவை' என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பொருளைச் சொல்லவில்லை. இன்னும் வராததைச் சொல்கிறது. நோவாவுக்கு வெள்ளம், ஆபிரகாமுக்கு நகரம். யோசேப்பு எகிப்தில் சாகும்போது தன் எலும்புகளைக் குறித்துக் கட்டளை கொடுக்கிறான். இஸ்ரவேலர் அங்கிருந்து புறப்படும் நாளை அவன் பார்க்கவில்லை.

சொல்லையும் பார்க்க வேண்டும். 'உறுதி' என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ஹூப்போஸ்டாசிஸ். அதே நிருபத்தில் (கடிதத்தில்) அது மூன்று முறை வருகிறது, பழைய தமிழ் வேதாகமம் மூன்று விதமாகப் பெயர்க்கிறது: 1:3-இல் 'தன்மை', 3:14-இல் 'நம்பிக்கை', 11:1-இல் 'உறுதி'. அடியில் நின்று தாங்குவது என்பது அதன் வேர்ப்பொருள். பழைய பாப்பிரஸ் ஏடுகளில் சொத்துப் பத்திரம் சார்ந்த சொல்லாகவும் வருகிறது. 'நிச்சயம்' என்பதற்கு மூலம் எலெங்கோஸ். மெய்ப்பித்தல், குற்றத்தை உணர்த்துதல் என்ற பக்கம் சாயும் சொல். இரண்டையும் மனசுக்குள் ஏற்படும் திடம் என்று மட்டும் விளக்கினால் பாதி போய்விடும். இதையெல்லாம் வகுப்பில் முக்கால் மணி நேரம் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவர் கேட்ட ஒரு வரிக்கு இல்லை.

அவர் கேட்டது வேடிக்கையே இல்லை. நியான் டெஸ்டர் எரியாததற்குப் பல காரணம் உண்டு. பல்பு செத்திருக்கலாம். காய்ந்த மர ஏணியில் நிற்கும்போது உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் மின்னோட்டம் குறைந்து மங்கலாக எரியலாம். நடுப்பகல் வெயிலில் அந்த மங்கல் கண்ணுக்கே தெரியாது. டெஸ்டர் சரியாகவே இருந்து, அந்த நொடியில் லைனும் செத்தே இருந்தாலும், அடுத்த நொடி எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டால், வீட்டை லைனிலிருந்து பிரித்துவிடும் மாற்றுச் சுவிட்ச் ஒழுங்காக இல்லாத பட்சத்தில், மின்சாரம் திரும்பி ஏறும். பக்கத்து லைனில் ஓடும் மின்சாரம் தொடாமலே இதிலும் மின்சாரத்தைத் தூண்டுவதும் உண்டு. அதனால்தான் எல்.சி. (லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கி, லைனைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டி, பிளேடு பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போடுகிறார்கள். முதலில் தரைப் பக்கத்து முனையை இறுக்க வேண்டும், பிறகுதான் கம்பியில் கொக்கி. வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும். கழற்றும்போது தலைகீழ் வரிசை. வரிசை மாறினால் கழற்றுகிறவர் கையிலேயே அடிக்கும்.

அதாவது, கருவி 'இல்லை' என்று சொன்னாலும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கையையும் காலையும் நடத்துவது. நான் அடித்த பத்தியில் இது இல்லை. எல்லோரும் எழுதும் சுவிட்ச் கதைதான் இருந்தது. அவர் வாயில் இருந்தது. அதை எழுதச் சொல்லியிருக்கலாம்.

அது பயம், விசுவாசம் அல்ல என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 11:7 விடவில்லை: நோவா 'காணாதவைகளைக்குறித்து' எச்சரிப்புப் பெற்று, 'பயபக்தியுள்ளவனாகி' பேழையை உண்டுபண்ணினான். அந்தக் கிரேக்கச் சொல்லில் பக்தியோடு முன்ஜாக்கிரதையும் இருக்கிறது. வெயிலில் நின்று எர்த் ராடு மாட்டுகிறவனுக்கு அந்த வசனம் என்னைவிட நன்றாகவே விளங்கும்.

ஆனாலும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. லைன்மேனுக்கு ஒரு கட்டத்தில் சந்தேகம் தீரும். இரு பக்கமும் எர்த் போட்டான், கம்பியைத் தொட்டான், வேலையை முடித்தான், இறங்கி வந்தான். 13-ஆம் வசனத்தில் இருப்பவர்களோ வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை 'அடையாமல்' மரித்தார்கள். அவர்கள் கம்பத்தை விட்டு இறங்கவே இல்லை. அண்ணாச்சியிடம் இதைச் சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது கேட்டிருப்பார்.

திருத்திய பிரதியில் பத்து நிமிடம் நோவாவைப் பற்றி ஒழுங்காகப் பேசினார். கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.