மூன்றாம் வகுப்பைப் பார்த்த நிருபர்

ஞாயிறு இணைப்பிதழில் பயணப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் வந்தபோது, அலுவலகத்தில் அதை யாரும் பெரிய பொறுப்பாக நினைக்கவில்லை. அரசியல், கோர்ட், கிரைம் என்று தனக்கென ஒரு செய்தித் துறை, அதாவது பீட், வைத்திருப்பவர்கள்தான் நிருபர்கள். பயணப் பக்கம் என்பது விளம்பரம் போக மிச்சமிருக்கும் இடம். வந்து சேரும் கட்டுரைகளும் அதற்கேற்ற மாதிரியே இருந்தன. அருவி இருக்கும், கோபுரம் இருக்கும், ஹோட்டல் வாடகை இருக்கும், அங்கே என்ன சாப்பிடலாம் என்று ஒரு பத்தி இருக்கும். மனிதர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். தப்பித்தவறி இருந்தால் ஒரு டிரைவர், ஒரு கைடு.

அந்தப் பக்கத்தை ஒரு முழுநேரத் தொழிலாக மதிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எட்மோந்தோ தெ அமிச்சிஸ். 1846இல் இத்தாலியின் ஒனேலியாவில் பிறந்து, 1908இல் போர்டிகேராவில் இறந்தவர். பத்திரிகையாளர், பயண எழுத்தாளர், கவிஞர். உலகம் அவரை 'குவோரே' என்ற பள்ளிக்கூடக் கதைக்காக நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அவர் ஒரு நிருபர். பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில்தான் அவரை வாசித்தேன். அவருடைய வேலை வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தபோது, எங்கள் தொழிலில் யாரும் வகுப்பெடுக்காத ஒரு விஷயம் பிடிபட்டது. கடல் தாண்டிப் போனவருடைய பயணம் கடைசியில் ஒரே நகரத்துக்குள் சுருங்கியது. அவர் கண்ணில் படும் ஆட்களோ கூடிக்கொண்டே போனார்கள்.

ஆரம்பம் ராணுவத்தில். மொடேனா ராணுவப் பள்ளியில் படித்து அதிகாரியாக வெளியே வந்தார். 1866இல் குஸ்தோத்ஸா போரில் நின்றார். இத்தாலி தோற்ற போர் அது. அப்புறம் ஃபிளாரன்ஸில் ராணுவத்துக்கென்று நடந்த ஒரு பத்திரிகையில் எழுதினார். சிப்பாய்களின் அன்றாட வாழ்க்கையைச் சின்னச் சின்னச் சித்திரங்களாக எழுதியவை தொகுக்கப்பட்டு 1868இல் புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டுகூட ஆகவில்லை. அணிவகுப்பில் வெயில் தாங்காமல் பின்தங்கும் சிப்பாய், 1867இன் காலராவில் சிசிலி மக்களுக்கு உதவிய படை என்று போகும் எழுத்து அது. தளபதிகளை எழுதிப் பெயர் வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் கடைநிலைச் சிப்பாயை எழுதினார். பின்னால் வரப்போவதெல்லாம் அங்கேயே இருக்கிறது. ஆனால் நடுவில் சில ஆண்டுகள் அவர் அதை விட்டு விலகிப் போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த நடு ஆண்டுகள்தான் அவருக்குப் புகழ் தந்தவை. 'லா நாட்ஸியோனே' நாளிதழ் 1872இல் அவரை ஸ்பெயினுக்கு அனுப்பியது. அப்போது ஸ்பெயினின் அரியணையில் இருந்தவர் இத்தாலிய இளவரசர் அமதேயோ. ஓர் இத்தாலியப் பத்திரிகை அங்கே ஆள் அனுப்ப அதுவே போதுமான காரணம். அடுத்து ஹாலந்து, லண்டன். 1875இல் இத்தாலியத் தூதுக்குழுவோடு மொராக்கோ. தாஞ்சியரிலிருந்து ஃபெஸ் வரை, கூடவே இரண்டு ஓவியர்கள். கான்ஸ்டான்டிநோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல், பற்றிய புத்தகம் 1877இல் வரத் தொடங்கியது. 1878இல் பாரிஸ் உலகக் கண்காட்சி. ஒவ்வொரு பயணமும் ஒரு புத்தகமாயிற்று, புத்தகங்கள் விற்றன, ராணுவ வேலையை விட்டவருக்கு எழுத்தே சோறு போட்டது. இன்றைக்கும் எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது?

கான்ஸ்டான்டிநோபிள் புத்தகத்தில் கலாட்டா பாலத்தைப் பற்றிய பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அந்தப் பாலத்தில் நின்றால் நகரம் முழுவதும் கண்முன்னே கடந்து போகும் என்று நின்றுவிடுகிறார். பல்லக்கும் சுமைகூலியும் துருக்கியரும் ஆர்மீனியரும் கிரேக்கரும் யூதரும் தலைப்பாகைகளும் வண்ணங்களுமாக வாக்கியம் நிற்காமல் ஓடுகிறது. எழுத்துத் திறமைக்கு அதைவிட நல்ல உதாரணம் தேடுவது கஷ்டம். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட நின்று பேசுவதில்லை. எல்லாரும் உடையாகவும் நிறமாகவும் போய்விடுகிறார்கள். மொராக்கோ புத்தகத்தில் இது இன்னும் மோசம்: தூதுக்குழுவின் கூடாரத்துக்குள்ளிருந்து பார்க்கும் பார்வை, தான் உயர்ந்த நாகரிகத்தைச் சேர்ந்தவன் என்ற எண்ணம் வரிக்கு வரி தெரிகிறது. அவர் மேல் எவ்வளவு பிரியம் வைத்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

திருப்பம் 1884இல் வந்தது. மார்ச் மாதம் ஜெனோவா துறைமுகத்தில் தென் அமெரிக்காவுக்குப் போகும் நீராவிக் கப்பலில் ஏறினார். கப்பலின் உண்மைப் பெயர் 'நோர்த் அமெரிக்கா'. புத்தகத்தில் அதற்கு 'கலிலேயோ' என்று பெயர் வைத்தார். அவர் ஏறியது முதல் வகுப்பு. அதே கப்பலின் முன்பகுதியில் மூன்றாம் வகுப்பில் சுமார் 1600 பேர்: பீட்மாண்ட், லொம்பார்தி, வெனெத்தோ, கலாப்ரியா என்று பல பகுதிகளிலிருந்து நிலமும் கூலியும் போதாமல் கிளம்பிய குடும்பங்கள். 1876க்கும் 1915க்கும் இடையில் இத்தாலியிலிருந்து வெளியேறியவர்கள் சுமார் 1.4 கோடி பேர். அந்தப் பெரிய எண்ணுக்குள் இருந்த ஒரே ஒரு கப்பலை இவர் எழுதினார். புத்தகம் 1889இல் வந்தது. பெயர் 'சுல் ஓச்செயானோ', பெருங்கடலின் மேல்.

அதன் முதல் அத்தியாயத்தைப் பயிற்சிக்கு வரும் எல்லாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கிறேன். கடலில் தொடங்கவில்லை அவர். ஒரு மேசையில் தொடங்குகிறார். கப்பலுக்குள் நுழையும் இடத்தில் சின்ன மேசை போட்டு ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். வருபவர்களை ஆறு ஆறு பேராகச் சேர்த்து ஓர் அச்சிட்ட தாளில் பெயர்களை எழுதுகிறார். அந்தத் தாள் குழுவில் மூத்தவர் கையில் போகும். சாப்பாட்டு வேளைக்கு அவர்தான் அதைக் காட்டிச் சமையலறையிலிருந்து உணவு வாங்கிவர வேண்டும். குடும்பத்தில் ஆறு பேர் இல்லாதவர்கள் தெரிந்தவர்களோடு சேருகிறார்கள். தெரிந்தவரும் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரோடு. குழந்தைக்கு அரைக் கட்டணமா கால் கட்டணமா என்பதில் தங்களை ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம் அந்தக் கிராமத்து முகங்களில் தெரிகிறது. பேனா பிடித்த எவனையும் நம்பாத பயம். கப்பலைப் பற்றி அவர் சொல்லும் ஓர் உவமை இத்தாலியில் பிரசித்தம்: கரையைக் கடித்துக்கொண்டு இத்தாலிய ரத்தத்தை உறிஞ்சும் ஒரு பெரிய திமிங்கிலம். எனக்கு அந்தத் திமிங்கிலத்தைவிட மேசைதான் முக்கியம். திமிங்கிலத்தை ஒரு கவிஞர் வீட்டிலிருந்தே எழுதிவிடலாம். மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தாள் யார் கைக்குப் போகிறது என்பது தெரியும்.

இது என் வேலையில் நேரடியாகக் கைகொடுத்தது. கோயம்புத்தூர் அலுவலகத்தில் இருந்தபோது, திருப்பூருக்கு வேலை தேடி வரும் வடமாநிலத் தொழிலாளர்கள் பற்றி ஒரு தொடர் செய்யச் சொன்னார்கள். பின்னலாடை ஏற்றுமதி எவ்வளவு, தொழிலாளர் எத்தனை பேர் என்ற கணக்குகள் செய்திகளைத் திருத்திப் பக்கம் அமைக்கும் டெஸ்க்கில் தயாராக இருந்தன. நான் தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் நேரத்துக்குத் திருப்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். பொதுப் பெட்டிகளிலிருந்து இறங்கியவர்கள் பையைத் தலைக்கு வைத்து பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்தார்கள். காண்ட்ராக்டரின் ஆள், இளவயதுப் பையன், நோட்டும் கையுமாகப் பெயர் கூப்பிட்டு அவர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குத் தம்பி எட்டெட்டுப் பேரா நிறுத்தறீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு ரூமுக்கு எட்டுப் பேருங்கண்ணா. வாடகை, கேஸ், அரிசி எல்லாம் அதுல ஒருத்தர் பேர்ல போகும். வயசு கூடுனவரா பார்த்து எழுதிக்குவோம். அவருகிட்டத்தான் கணக்குக் கேட்போம்."

ஒரு குழுவில் ஏழு பேர்தான் இருந்தார்கள். எட்டாவது ஆளாக, வேறு மாவட்டத்திலிருந்து தனியாக வந்த ஒரு பையனைக் கையைப் பிடித்து நிறுத்தினான் நோட்டுக்காரன். அந்த ஏழு பேரும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவன் யார் பக்கத்திலும் ஒட்டாமல், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவனோடுதான் அந்த ஏழு பேரும் இனி ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடப் போகிறார்கள். தொடரின் முதல் பகுதியை நான் அங்கேதான் தொடங்கினேன். ஏற்றுமதிக் கணக்கு மூன்றாவது பகுதிக்குப் போயிற்று. அதற்காக டெஸ்க்கில் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. அமிச்சிஸைப் படித்திராவிட்டால் அந்த நோட்டை நான் கவனித்திருக்கவே மாட்டேன், ரயிலையும் கூட்டத்தையும் எழுதிவிட்டுத் திரும்பியிருப்பேன்.

முதல் வகுப்பில் சாப்பிட்டுக்கொண்டு மூன்றாம் வகுப்பைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். அவர் அந்தத் தூரத்தை மறைக்கவில்லை. கப்பலின் பின்பகுதியில் தன் மேசையில் என்ன பேசுகிறார்கள் என்பதையும், முன்பகுதியில் என்ன நடக்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். வசதியானவர்கள் கீழே பார்த்துச் சொல்லும் கருத்துகள் அப்படியே பதிவாகின்றன. கப்பலில் ஒரு குழந்தை பிறக்கிறது, கப்பலின் பெயரையே அதற்கு வைக்கிறார்கள். ஒரு கிழவர் இறந்துபோகிறார், கடலில் அடக்கம் செய்கிறார்கள். இரண்டையும் அவர் பார்த்துவந்து சொல்கிறார். நான் பணிபுரிந்த எல்லா இடங்களிலும் நிருபர்கள் சம்பளத்திலும் சாதியிலும் படிப்பிலும் தாங்கள் எழுதும் ஆட்களைவிட ஒரு படி மேலேதான் இருந்தோம். அந்தப் படியைக் கட்டுரைக்குள் கொண்டுவருவதுதான் நேர்மை என்று நம்புகிறேன்.

கவிதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய தொகுப்பு 1880களின் தொடக்கத்தில் வந்தது. கவிஞராக அவருக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. அக்காலத்தின் பெரிய இத்தாலியக் கவிஞர் கார்துச்சி அவருடைய நெகிழ்ச்சியைத் தன் கவிதை வரியிலேயே கேலி செய்தார், அந்தக் கேலி ஒட்டிக்கொண்டது. ஆனால் அம்மாவைப் பற்றிய ஒரு கவிதை இன்றும் இத்தாலியர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு அறுபது வயது, பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் அழகாகத் தெரிகிறாள் என்று போகும் கவிதை. என் உயிரை அவளோடு மாற்றிக்கொள்ள முடியுமானால், நான் கிழவனாகி அவள் இளமையாவதைப் பார்ப்பேன் என்று முடிகிறது. அழுகை கொஞ்சம் அதிகம்தான். 'குவோரே'யிலும் அதிகம்தான். எனக்கு அது குறையாகப் படவில்லை. கப்பல் புத்தகம் எழுத அந்த மனசுதான் வேண்டியிருந்தது. ஜெனோவாவிலிருந்து பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் அர்ஜென்டினாவில் வீட்டு வேலைக்குப் போன அம்மாவைத் தேடித் தனியாகக் கிளம்பும் கதை 'குவோரே'யில் வருகிறது. 1884 பயணத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த புத்தகம் அது. கப்பலில் பார்த்ததெல்லாம் முதலில் அந்தக் கதையாக வெளியே வந்தது, பிறகு முழுப் புத்தகமாயிற்று என்று நான் படிக்கிறேன். 1976இல் ஜப்பானில் இஸாவோ தகஹாதா அந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக்கினார்.

1890களில் அவர் சோஷலிஸ்ட் ஆனார். பள்ளி ஆசிரியர்களின் வறுமையை நாவலாக்கினார். பழைய வாசகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. இந்தக் காலத்தில்தான், எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த முடிவை எடுத்தார். ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் பார்த்த மனிதர், 1896ஆம் ஆண்டு முழுவதும் டூரின் நகரத்து டிராம் வண்டியில் பயணம் செய்து, ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதவாரியாக எழுதினார். 'லா கரோத்ஸா தி தூத்தி', எல்லாருடைய வண்டி, 1899இல் வெளியாயிற்று. நடுவில் 1898இல் மூத்த மகன் தற்கொலை செய்துகொண்டான். அதற்குப் பிறகும் அந்தப் புத்தகத்தை முடித்து வெளியிட்டார்.

டிராமில் சீமாட்டியும் செங்கல் சுமப்பவனும் ஒரே பலகையில் முழங்கால் இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். கப்பலில் இருந்த முன்பகுதி, பின்பகுதி பிரிவு இங்கே இல்லை. யார் யாருக்கு இடம் விட்டு நகர்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போகிறார். கண்டக்டர்களை அடையாளம் தெரிந்து எழுதுகிறார். கலாட்டா பாலத்தில் நிறமாக ஓடிப்போனவர்கள் இங்கே திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் ஆட்களாகிவிட்டார்கள். கான்ஸ்டான்டிநோபிள் புத்தகத்தை ரசிப்பவர்கள் இதைச் சுவையில்லாதது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு நிருபர் தன் ஊரில் ஓராண்டு டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பதற்குத் தேவையான பொறுமை, ஃபெஸ் வரை போவதற்குத் தேவையில்லை.

இப்போது பயணப் பக்கத்துக்குப் பயிற்சிக்கு வருபவர்களை முதலில் டவுன் பஸ்ஸில் அனுப்புகிறேன். போன வருஷம் வந்த பெண், "சார், இதுல போற இடம் எங்க இருக்கு?" என்று நேராகவே கேட்டாள். முதல் டிரிப்பில் ஏறிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். விடிவதற்கு முன் கிளம்பும் அந்தப் பஸ்ஸில் பூக்கூடைகளும் துப்புரவுப் பணிக்குப் போகும் பெண்களும்தான். கூடைக்குத் தனி டிக்கெட்டா என்று கண்டக்டருக்கும் பூக்காரம்மாவுக்கும் தினமும் நடக்கும் பேச்சில் தொடங்கி, அவள் நாலு பக்கம் எழுதிவந்தாள். கூடைக்கு எவ்வளவு, எந்த அளவுக் கூடைக்கு, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று எல்லாம் கேட்டு வைத்திருந்தாள். மலைவாசஸ்தலத்துக் கட்டுரை ஒன்று அந்த வாரத்துக்குத் தயாராக இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பயணப் பக்கத்திலேயே முழுப் பக்கமாகப் போட்டோம்.