தகரக் கூரையும் பட்டாவும்

காரைக்குடியில் இன்று உச்சி வெயில். ஊரணிக் கரையோரத் தகரக் கொட்டகை மேல் ஓர் அக்கா நனைத்த கோணிச் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள பிள்ள தூங்குது தம்பி."

பேசி முடிப்பதற்குள் சாக்கின் ஓரம் காய்ந்து விறைத்துவிட்டது. மறுபடி நனைத்தார்.

கூப்பிடு தூரத்தில் பெரிய வீடுகள். முற்றம், உயர்ந்த கூரை, கனத்த சுண்ணாம்புச் சுவர். வெயிலைத் தாங்கும் வித்தை இந்த ஊருக்குத் தெரியாததில்லை. காசு இருந்தவர்களுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு. ஆனால் அது செத்த பிறகு வருகிற பணம்.

உயிரோடு இருப்பவர் தலைக்கு மேல் இருக்கும் தகரம்?

அகமதாபாத்தில் 2013-லேயே வெப்பச் செயல்திட்டம் வந்தது. அப்புறம் வெயிலைத் திருப்பி அனுப்பக் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். தெலங்கானா 2023-ல் இப்படிச் சூட்டைக் குறைக்கும் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது.

இங்கே அப்படி ஒரு திட்டம் வந்தால், புறம்போக்கில் இருப்பவரிடம் முதலில் பட்டா கேட்பார்கள். வெயில் பட்டா பார்த்தா அடிக்கிறது?

காரைக்குடி இப்போது மாநகராட்சி. அடுத்த பட்ஜெட்டில் தகரக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்க ஒரு தொகை ஒதுக்குங்கள். பட்டா கேட்காமல், சித்திரைக்கு முன்னால்.