டெலூரியம் முன்னால், அயோடின் பின்னால்

தனிம வரிசை அட்டவணையை நான் முதலில் படித்தது வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத்தான். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று இருபது வரை மூச்சு விடாமல் சொல்வேன். பதினேழாவது எது என்று கேட்டால் மட்டும் மறுபடி ஹைட்ரஜனிலிருந்து ஓட வேண்டும். நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தாளில்தான் வசமாக மாட்டினேன்.

டெலூரியம், அயோடின் இரண்டில் அட்டவணையில் முன்னால் வருவது எது என்று ஒரு சின்னக் கேள்வி. அயோடினின் அணு நிறை 126.9, டெலூரியத்துக்கு 127.6. லேசானதுதானே முன்னால் வரும் என்று அயோடினைக் குறித்தேன். தப்பு.

ஏன் தப்பு என்று தேடியபோதுதான் பாடம் புரிந்தது. 1869-ல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தனிமங்களை நிறையை வைத்துத்தான் அடுக்கினார். ஆனால் அயோடினின் குணம் குளோரின், புரோமினோடு ஒத்துப்போனதால் அதை டெலூரியத்துக்குப் பின்னால் வைத்தார். டெலூரியத்தின் நிறையை அளந்தவர்கள்தான் பிசகியிருப்பார்கள் என்று நினைத்தார். அளவில் பிசகே இல்லை. 1913-ல் ஆங்கில இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களை ஆராய்ந்து, வரிசையைத் தீர்மானிப்பது கருவின் மின்னூட்டம் என்று காட்டினார். அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை, அதுதான் அணு எண். டெலூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. டெலூரியத்தில் நியூட்ரான் மிகுந்த ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் நிறை மாறுபட்ட அணுவகைகள்) நிறைய இருப்பதால் சராசரி நிறை ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். ஆர்கான்–பொட்டாசியம், கோபால்ட்–நிக்கல் ஜோடிகளிலும் இதே முரண் உண்டு. மூன்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

குறியீடுகளுக்குப் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. நேட்ரியம், கேலியம், ஃபெர்ரம், பிளம்பம் போன்ற பழைய பெயர்களைத் தெரிந்துகொண்டால் சோடியம், பொட்டாசியம், இரும்பு, ஈயத்தின் எழுத்துகள் தானே வந்துவிடும்.

அப்புறம், நிரந்தரப் பெயர் வைக்கும் வரை புதுத் தனிமங்களுக்குச் சூட்டும், பலர் பயப்படும் தற்காலிகப் பெயர்கள். எனக்கு இதுதான் இருப்பதிலேயே சுலபமான மதிப்பெண். 0 முதல் 9 வரை நில், அன், பை, ட்ரை, குவாட், பென்ட், ஹெக்ஸ், செப்ட், ஆக்ட், என். அணு எண்ணின் இலக்கங்களுக்கான இந்தச் சொற்களை வரிசையாக ஒட்டி, கடைசியில் 'இயம்' சேர்த்தால் முடிந்தது. 120 என்றால் அன்பைநிலியம். கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: தற்காலிகப் பெயர் எந்தத் தொகுதியானாலும் 'இயம்' என்றுதான் முடியும். நிரந்தரப் பெயரில்தான் முடிவு மாறும். 117, 118 இரண்டும் முன்பு அன்அன்செப்டியம், அன்அன்ஆக்டியம். 2016-ல் நிரந்தரப் பெயர் வைத்தபோது, முதலாவது குளோரின், புரோமின் இருக்கும் ஹாலஜன் தொகுதி என்பதால் 'இன்' என்று முடியும் டென்னசின் ஆனது; அடுத்தது ஆர்கான் இருக்கும் மந்த வாயுத் தொகுதி என்பதால் 'ஆன்' என்று முடியும் ஒகனெசான்.

இன்னும் எனக்கு உதைப்பது இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டர்பியம் என்ற நால்வர்தான். நான்குக்கும் பெயர் வந்தது ஸ்வீடனின் இட்டர்பி என்ற ஒரே கிராமத்திலிருந்து. அணு எண்கள் முறையே 39, 65, 68, 70. இதை மட்டும் இன்றுவரை எழுதிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.